பால் சொசைட்டிக்கு வந்த புதுப் பூனை

இன்ஸ்பெக்டர் செத்த மூன்றாம் நாளே தம்பான் பாலில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். அது அவதூறு. ஐந்தாம் நாள்தான் ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் என்பது பூனை. செம்பட்டை நிறம், பெருத்த தலை, முன்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. கரிம்பாறைக்கடவு பால் சொசைட்டியில் பன்னிரண்டு வருடம் இருந்தது. பால்வளத் துறையின் நிஜ இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் பெரிய விஷயம். பூனை தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் பரிசோதனை மேசைக்கு அடியில் ஆஜராகிவிடும். அதனால் அந்தப் பெயர்.

மேசைக்கு மேலே உட்கார்ந்திருந்தவள் பிரேமஜா. வயது ஐம்பத்தொன்று. இருபத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவள். அதற்கு முன்னால் பிளைவுட் ஆலையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். ஆலையைப் பூட்டியபோது கேட்டுக்கு முன்னால் அறுபத்து நான்கு நாள் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி. ஆலை திறக்கவில்லை. ஆனால் யார் சத்தம் போட்டாலும் எழுந்து போகாமல் உட்காருவது எப்படி என்பது அவளுக்குப் படிந்துவிட்டது. புருஷன் ராஜீவன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மகள் மங்களூரில் நர்ஸிங் படிக்கிறாள். வீட்டில் பிரேமஜாவின் பேச்சுக்கு மறுபேச்சு இருந்தது. சொசைட்டியில் இல்லை.

அவள் வேலை இதுதான். வரிசையில் வருகிறவரின் பாலில் ஒரு குவளை சாம்பிள் எடுக்க வேண்டும். நீளக் குழலில் ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்கவிட வேண்டும். பால் மட்டத்தில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் தீர்ப்பு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்றால் பால். இருபத்து மூன்று என்றால் பாலும் கிணறும். மெஷின் ஒன்று வந்தது. கரண்ட் போனால் அது பொம்மை. எங்கள் ஊரில் காலையில் கரண்ட் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஆகவே கண்ணாடிக் குழாய்தான் கடைசி வார்த்தை. பார்த்து முடித்த சாம்பிள் பூனையின் கிண்ணத்துக்குப் போகும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் தம்பானின் பால் இருபத்து மூன்று காட்டியது. தம்பானுக்கு நான்கு பசு, ஒரு வாய். நிர்வாகக் குழுவிலும் இருந்தார். நுரை இருக்கிறது, அதனால்தான் குறைவாகக் காட்டுகிறது என்றார். குழல் சாய்ந்திருக்கிறது என்றார். கடைசியில் பிரேமஜாவின் கண்ணில் கோளாறு என்றார். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். பிரேமஜா சாம்பிளைத் தூக்கிப் பூனையின் கிண்ணத்தில் ஊற்றினாள். பூனை முகர்ந்தது. முகத்தைச் சுளித்தது. வெள்ளைக் காலை ஒரு தடவை உதறிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

வரிசையில் யாரோ சொன்னார்கள்: "பூனையே வேண்டாங்குது. டவுன்காரன் குடிப்பானா?"

சிரிப்பு அடங்குவதற்குள் தம்பான் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். லாக்டோமீட்டரோடு அரை மணி நேரம் சண்டை போட்ட மனிதர் பூனையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரிசை கலைந்த பிறகு பிரேமஜா விரலை மோந்து பார்த்தாள். காலையில் பாலில்லாத கட்டன் சாயாவில் எலுமிச்சை பிழிந்திருந்தாள். கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்த கட்டைவிரலில் அந்த வாசனை. மறுநாள் நல்ல பாலை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஒன்றின் விளிம்பில் விரலைத் தடவினாள். பூனை அதைத் தொடவில்லை. மற்றதை நக்கித் தீர்த்தது.

அன்றிலிருந்து மேசையின் இழுப்பறையில் ஒரு எலுமிச்சைத் தோல் இருந்தது. உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, கேட்கிறவன் நம்பவும் வேண்டும். கூட்டம் சேர்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். ஒரு கட்டுப்பாடு மட்டும் அவள் தனக்கு வைத்துக்கொண்டாள். லாக்டோமீட்டர் சொல்லாததைப் பூனை சொல்லக் கூடாது. பதினோரு வருடத்தில் மொத்தம் முப்பது தடவை தடவியிருப்பாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. வீட்டிலேயே குழந்தைகள், "அம்மா, தண்ணி ஊத்தாத, இன்ஸ்பெக்டர் கண்டுபிடிச்சிடும்," என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து சொசைட்டிகள் எல்லாம் திணறிய காலத்தில் கரிம்பாறைக்கடவுப் பாலில் ஒரு கேன்கூடக் குளிரூட்டும் நிலையத்திலிருந்து திரும்பி வரவில்லை.

பிறகு ஐப்பசி மழையில் ஒரு காலை. வரிசையில் முதல் ஆள் நபீசத்தா. வயது அறுபத்து மூன்று, ஒரே பசு, தன் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அதைக் குளிப்பாட்டுகிறவர். ரீடிங் முப்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. அன்றும் முப்பதுதான். சாம்பிளைக் கிண்ணத்தில் ஊற்றினாள் பிரேமஜா. இன்ஸ்பெக்டர் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நபீசத்தாவின் கை தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. படைத்தவன் சாட்சியாக ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை என்றார். வரிசை அவரைப் பார்க்காமல் அவர் கேனைப் பார்த்தது, அதுதான் பெரிய அடி. அடுத்த ஆள் பாலையும் பூனை தொடவில்லை. அதற்கடுத்த ஆளுடையதையும். கேனை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

எலுமிச்சைத் தோல் இழுப்பறைக்குள் காய்ந்து கிடந்தது என்று பிரேமஜாவுக்கு மட்டும் தெரியும். பூனைக்கு உடம்பு சரியில்லை என்று உடனே புரிந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். புரியவில்லை. பதினோரு வருடம் சொன்ன பொய் சொன்னவளையே பிடித்துக்கொண்டது. லாக்டோமீட்டர் கெட்டுவிட்டதோ என்று பக்கத்து சொசைட்டியில் வேறொன்றை இரவல் வாங்கினாள். கேன்களைச் சோடா போட்டுத் தேய்க்கச் சொன்னாள். பாலைச் சோதிப்பதிலேயே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மேசைக்கு அடியில் யாரும் இல்லை. தீவன மூட்டைகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிறுநீரகம் என்றார். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். மூன்று நாளாகப் பால் குடிக்கவில்லை என்றாள்.

"பூனை பால் குடிக்கலன்னா அன்னைக்கே தெரிய வேண்டாமா?" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது மடியிலேயே அது போய்விட்டது. சொசைட்டிக்குப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்தார்கள். ஊர் வழக்கப்படி நாற்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். பூனையின் படத்தைச் சிறிதாகவும் எழுத்தைப் பெரிதாகவும் போட்டுவிட்டார்கள். 'எங்கள் இன்ஸ்பெக்டருக்குக் கண்ணீர் அஞ்சலி.' பஸ்ஸில் போனவர்கள் எழுத்தை மட்டும் படித்தார்கள். நிஜ இன்ஸ்பெக்டரின் வீட்டுக்குத் துக்கம் விசாரித்துப் பதினேழு போன் போனது. அந்த வருடம் மூன்றாவது தடவையாக அவர் எங்கள் ஊருக்கு வந்தது போர்டைப் பார்க்கத்தான்.

பிரேமஜா அழுததை யாரும் பார்க்கவில்லை. ராஜீவன் பார்த்தார். நான் செத்தால் இதில் பாதியாவது அழுவாயா என்று கேட்டார். உங்களுக்கு லீவு உண்டு, அவனுக்கு அதுவும் கிடையாது என்றாள். இனிமேல் பூனை கிடையாது என்றும் சொன்னாள். சொசைட்டியிலும் அதையே சொன்னாள்.

ஐந்தாம் நாள் தம்பானின் பால் இருபத்தைந்து காட்டியது. அடுத்த நாள் இருபத்து நான்கு. தினமும் அரை மணி நேரம் வாக்குவாதம். வண்டிக்காரர் வெளியே ஹார்ன் அடிப்பார். வரிசையில் நிற்பவர்கள் நெளிவார்கள். பூனை இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். பிரேமஜா விட்டுக்கொடுக்கவில்லை, தம்பானின் பாலைத் திருப்பித்தான் அனுப்பினாள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து நபீசத்தா தீவனப் பையோடு வந்தார். பையை மேசைமேல் வைத்தார். பை நடந்தது.

"எனக்குப் பூனை வேணாம் நபீசத்தா."

"உனக்கு யாரு குடுத்தா? எலிக்குக் குடுக்கறேன். உன் தீவன ரூம்ல எலி கல்யாணமே நடத்துது."

"வேற எங்கயாச்சும் விட்டுடுங்க."

"மோளே, அந்தச் செம்பட்டை போற போக்குல என்னைக் கள்ளியாக்கிட்டுப் போயிடுச்சு. இது என் வைக்கோல்ல பொறந்தது. இதாச்சும் என் பக்கம் பேசும்."

பைக்குள்ளிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று வெளியே வந்தது. நாலு மாதக் குட்டி. வாலின் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. நேராகப் போய் பிரேமஜாவின் சாயாக் கிளாசுக்குள் தலையை விட்டது. பிரேமஜா அதைக் கீழே இறக்கினாள். அது மடியில் ஏறியது. இறக்கினாள். ஏறியது. வரிசையில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது தடவை அவள் இறக்கவில்லை. ரீடிங் எடுப்பதில் கை இரண்டும் வேலையாக இருந்தன என்பது அவள் பின்னால் சொன்ன காரணம்.

பெயர் வைக்கவில்லை. பழைய கிண்ணத்தையும் கொடுக்கவில்லை, வீட்டிலிருந்து ஒரு மூடியைக் கொண்டுவந்தாள். குட்டிக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது. யார் பாலானாலும் குடித்தது. கேன் கழுவிய தண்ணீரைக் குடித்தது. சிந்திய சாயாவை நக்கியது. எலியும் பிடித்தது. ஒரு வாரத்தில் ராஜீவன், இப்போதெல்லாம் வீட்டுக்கு வரும்போது சிரித்துக்கொண்டு வருகிறாயே என்று கேட்டார். அவள் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. தம்பானின் பால் இருபத்து மூன்று. பிரேமஜா தலையை அசைத்தாள். தம்பான் சண்டை போடவில்லை. குழலைத் தானே எடுத்தார்.

"கண்ணாடி சொல்றது இருக்கட்டும் பிரேமே. இன்ஸ்பெக்டர்கிட்ட கேப்போம்."

மூடியில் ஊற்றினார். குட்டி ஓடி வந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தது. வெறும் மூடியை நக்கிக்கொண்டே சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. தம்பான் வரிசையின் பக்கம் திரும்பினார்.

"பதினோரு வருஷமா பூனை சொன்னத எல்லாரும் கேட்டீங்க. நானும் வாய மூடிக்கிட்டுக் கேட்டேன். இப்ப பூனை சொல்லிடுச்சு. என் பால் நல்ல பால்."

வரிசை பிரேமஜாவைப் பார்த்தது. பூனையை நம்பாதீர்கள் என்று சொன்னால், அப்படியானால் பழைய பூனை என்று கேட்பார்கள். இருபத்து மூன்று காட்டிய பாலை வாங்கி நல்ல பாலோடு கேனில் ஊற்றினாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கதவு ஒருத்தருக்குத் திறந்தால் ஊருக்கே திறந்த மாதிரிதான். அடுத்த பத்து நாளில் ஆறு பேர், பிறகு ஒன்பது பேர். எல்லோரும் பூனையைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பூனை எல்லோருக்கும் சாதகமாகச் சாட்சி சொன்னது. பதினைந்தாம் நாள் குளிரூட்டும் நிலையம் கரிம்பாறைக்கடவின் காலைப் பால் முழுவதையும் திருப்பி அனுப்பியது. பன்னிரண்டு கேன். தண்ணீர் ஊற்றியவர் பாலும் ஊற்றாதவர் பாலும் ஒரே கேனில்தான் இருந்தன. நபீசத்தாவின் முப்பதும் அதில் போனது.

தலைவர் லீலா டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவசரக் கூட்டம் போட்டார். தீவன ஷெட்டில் பெஞ்சு போட்டு அறுபது பேர் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரல் வேண்டும். முதல் பொருள், பாலின் தரம். இரண்டாம் பொருள், பரிசோதனைப் பூனை நியமனம். வேறெந்த ஊரிலாவது இப்படி ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து வழிமொழிந்திருப்பார்களா தெரியாது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. இப்போதிருக்கும் குட்டி தகுதியில்லாதது, அதை மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு நல்ல நாக்குள்ள பூனையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். குட்டிக்கு ஆதரவாகப் பேசியவர் ஒரே ஒருவர். தம்பான். தனக்குக் கிடைத்த துணை எப்படிப்பட்டது என்று பிரேமஜாவுக்குப் புரிந்தது.

லீலா டீச்சர் சயின்ஸ் எடுத்தவர். முறையாகச் செய்ய வேண்டும் என்றார். வேட்பாளர்களுக்குக் காலையிலிருந்து ஆகாரம் கொடுக்கக் கூடாது என்று முந்தைய நாளே அறிவித்திருந்தார். ஒரு கிண்ணத்தில் நபீசத்தாவின் பால், இன்னொன்றில் பாதி தண்ணீர் கலந்தது. கிண்ணம் வைக்கும் பொறுப்பு பிரேமஜாவுக்கு. தண்ணீரைக் குடிக்கிற பூனை வெளியே.

வேட்பாளர் மூன்று. பள்ளிக்கூடச் சமையல்காரியின் சாம்பல் பூனை கூடையைத் திறந்ததும் பீரோவுக்கு அடியில் போனது, மறுநாள்தான் வந்தது. தம்பானின் மச்சினன் வீட்டுக் கடுவன் பூனை தண்ணீர்ப் பாலைக் குடித்து முடித்துவிட்டு நல்ல பாலை மோந்து பார்த்துத் தும்மியது. அது எந்த வீட்டில் வளர்ந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம் என்று பின்பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். நபீசத்தாவின் முகம் மட்டும் இறுகிவிட்டது. தும்மியது அவர் பாலில்.

மூன்றாவதாகக் குட்டி. நபீசத்தாவின் கையில் இருந்தது. பசியில் கத்திக்கொண்டிருந்தது.

பிரேமஜாவின் முந்தானையில் அரை எலுமிச்சை முடிந்திருந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தது. ஒரு தடவல் போதும். தண்ணீர்க் கிண்ணத்தை இது தொடாது. அறுபது பேரும் கைதட்டுவார்கள். தம்பான் அடங்கிவிடுவார். குட்டி பத்து வருடம் இங்கேயே இருக்கும், இவள் வார்த்தை பத்து வருடம் நிற்கும். முந்தானையை அவிழ்த்தாள். கட்டைவிரல் ஈரமானது.

பத்து வருடம் கழித்து ஒரு நாள் இதுவும் பால் வேண்டாம் என்று திரும்பிக்கொள்ளும். அப்போதும் அறுபது பேர் பாலைத்தான் பார்ப்பார்கள். யாரும் பூனையைப் பார்க்க மாட்டார்கள். அவள் உட்பட.

எலுமிச்சையை எடுத்து டீச்சரின் மேசைமேல் வைத்தாள்.

"டீச்சரே, இந்தப் பரீட்சைய நிறுத்துங்க. தண்ணிப் பால கண்டுபிடிக்கிற பூனைன்னு ஒண்ணு கிடையாது. எப்பவும் கிடையாது. கிண்ணத்துல நான்தான் இதத் தடவினேன்."

டீச்சர் எலுமிச்சையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தம்பான் எழுந்தார்.

"பதினோரு வருஷம்," என்றார்.

"முப்பது தடவ. முப்பது தடவையும் லாக்டோமீட்டர் முதல்ல சொல்லிச்சு. நீங்க அதோட சண்டை போட்டீங்க. பூனையோட போடல. அதனாலதான் பூனைய வச்சேன்."

"ஊர் முன்னாடி என்னைச் சிரிக்க வச்சியே."

"தம்பானேட்டா, உங்க பால்ல தண்ணி இருந்துச்சா இல்லையா?"

தம்பான் பெஞ்சைப் பார்த்தார். "அது வேற விஷயம்," என்றார்.

அறுபது பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிக்க வைத்தது பூனையும் அல்ல, எலுமிச்சையும் அல்ல. தம்பானே சொல்லிவிட்டார். சிரிப்பில் சேராதவர் நபீசத்தா. குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்ப அன்னைக்கு என் பால்ல?"

"அன்னைக்கு நான் எதுவும் தடவல நபீசத்தா. உங்க பால்ல ஒரு குறையும் இல்ல. அவனுக்கு முடியல. பூனை பால் குடிக்கலன்னா பூனைக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம், அவ்ளோதான். இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் அது தெரியும். நானும் உங்க பாலத்தான் சந்தேகப்பட்டேன்."

நபீசத்தா திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "ரெண்டு மாசம் நான் வரிசையில கடைசியா நின்னேன் மோளே," என்றார். "நாளைக்கு முதல்ல நிக்கிறேன்." நபீசத்தா குட்டியைக் கீழே விட்டார். அது இரண்டு கிண்ணத்தையும் காலி செய்தது.

பிரேமஜாவுக்கு எச்சரிக்கை மெமோ கொடுக்க வேண்டும் என்று தம்பான் முன்மொழிந்தார். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றாள் பிரேமஜா. போட்டாள். பிறகு தானும் ஒன்று முன்மொழிந்தாள். நாளையிலிருந்து லாக்டோமீட்டரை அவள் படிக்க மாட்டாள். பால் கொண்டுவருகிறவர் தானே மிதக்கவிட்டு, தானே பார்த்து, வரிசைக்குக் கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவள் எழுதிக்கொள்வாள். ஒரு கை குறையாமல் நிறைவேறியது. தம்பானும் கையைத் தூக்கினார், எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூனை விஷயம் என்ன என்று டீச்சர் கேட்டார்.

"அது சொசைட்டிப் பூனை இல்ல டீச்சரே. என் பூனை. அதுக்கு வேலை எதுவும் கிடையாது. எலி பிடிச்சா பிடிக்கட்டும்."

திங்கள் காலை நபீசத்தா முதல் ஆள். முப்பது என்று அவர் சொன்னது ரோடு வரை கேட்டது. தம்பான் பதினாலாவதாக நின்றார். குழலுக்குள் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பின்னால் நின்ற பெண் ஏற்கனவே எட்டிப் பார்த்துவிட்டாள். "இருபத்தெட்டு," என்றார் தம்பான். உண்மையாகவே இருபத்தெட்டு. தன் எண்ணைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றால் மனிதன் கிணற்றுப் பக்கம் போவதில்லை.

அன்று பத்து மணி பஸ்ஸில், ராஜீவனின் பஸ்ஸிலேயே, பிரேமஜா கூடையோடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அதே டாக்டர். பூனைக்கு என்ன என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். ஒண்ணும் இல்லாதப்பவே காட்டிட்டுப் போலாம்னு."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார், ஞாபகம் வந்தது போலிருந்தது. குட்டியை எடை போட்டார், காதுக்குள் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார். சீட்டில் எழுதப் பெயர் கேட்டார். பூனை என்றே எழுதுங்கள், பதவி எதுவும் கிடையாது என்றாள் பிரேமஜா. வயிறு கொஞ்சம் இளகலாக இருக்கிறதே, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பால், நாற்பது பேரின் சாம்பிள் பால் என்றாள்.

"பூனைக்கு அவ்வளவு பால் ஆகாதும்மா. மீன் குடுங்க. பால் குடுத்தே ஆகணும்னா பாதிக்குப் பாதி தண்ணி கலந்து குடுங்க."

சீட்டிலும் அப்படியே எழுதினார். பிரேமஜா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள், கூடையைப் பார்த்து. திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வந்த ராஜீவன் என்னவென்று தெரியாமல் தானும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பது பேர் பார்க்க அவள் மூடியில் கொஞ்சம் சாம்பிள் பாலை ஊற்றினாள். பிறகு சொம்பை எடுத்து அதே அளவு தண்ணீரை ஊற்றினாள். தம்பான் தன் இடத்தை விட்டு மேசைக்கு வந்தார்.

"என்ன செய்யறே?"

"டாக்டர் சொன்னாரு தம்பானேட்டா."

"எழுதிக் குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"காட்டு."

காட்டினாள். தம்பான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து டாக்டரின் கையெழுத்து வரைக்கும் படித்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இந்த டாக்டர் மனுஷங்களுக்குப் பார்ப்பாரா?" என்று கேட்டார்.

"பார்க்க மாட்டாரு," என்றாள் பிரேமஜா. "அடுத்த ஆள் வாங்க."